எளிய எடிட்டரா, நமக்கென அமைத்துக்கொண்ட எடிட்டரா? நிரல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிரல் எழுதும் எடிட்டரை வந்த நிலையிலேயே பயன்படுத்துவதா, அல்லது நாள்கணக்கில் உட்கார்ந்து நமக்கேற்ப மாற்றிக்கொள்வதா என்ற கேள்வியைக் கல்லூரி மாணவர்களும் கேட்கிறார்கள், பல ஆண்டுகள் பணியாற்றியவர்களும் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் ஆயிரம் வரிக்கு மேல் நீண்ட அமைப்புக் கோப்பை (எடிட்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் எழுதிவைக்கும் கோப்பு) வைத்திருந்து, பின்னர் அதைப் பெரும்பாலும் அழித்துவிட்ட ஒருவரின் பதில்கள் இவை. ஆகவே நடுநிலையான பதில்கள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்; என் சாய்வு எந்தப் பக்கம், அதற்குக் காரணம் என்ன என்பதை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

'எளிய எடிட்டர்' என்று எதைச் சொல்கிறோம்?

இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பலருடைய குழப்பமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எடிட்டரே சிறியதாக இருப்பது முதல் பொருள். 1999-இல் தொடங்கப்பட்ட நானோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திரையின் அடியில் இரண்டு வரிகளில் விசைகள் எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் படித்துக்கொண்டே ஒருவர் வேலையை முடித்துவிடலாம். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 1969-இல் எழுதிய 'எட்', அதே ஆய்வகத்தில் ராப் பைக் பிளான் 9 இயங்குதளத்துக்காக எழுதிய ஆக்மி ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. எடிட்டர் பெரியதாக இருந்தாலும் பயன்படுத்துபவர் அதில் எதையும் மாற்றாமல் வைத்திருப்பது இரண்டாவது பொருள். அமைப்புக் கோப்பே இல்லாத விம், நீட்சி எதுவும் நிறுவப்படாத விஎஸ் கோட் ஆகியவற்றை இவ்வாறு சொல்லலாம்.

அமைத்துக்கொண்ட எடிட்டர் என்பது விசைகளை மாற்றி, பிளகின் என்றும் எக்ஸ்டென்ஷன் என்றும் அழைக்கப்படும் நீட்சிகளைச் சேர்த்து, சில சமயம் சொந்தமாகக் கட்டளைகளையும் எழுதி ஒருவர் தம் கைக்கேற்ப ஆக்கிக்கொண்டது. இதில் ஈமாக்ஸ் என்ற எடிட்டர் வெகுதூரம் போனது. அதன் பெரும்பகுதி ஈமாக்ஸ் லிஸ்ப் என்ற மொழியிலேயே எழுதப்பட்டிருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் எடிட்டரின் ஒரு கட்டளையை அது ஓடும்போதே திருத்தி எழுதிவிட முடியும்.

எத்தனை வசதிகள் உள்ளன என்று எண்ணி நான் எளிமையை அளப்பதில்லை. உள்ளே இருப்பவற்றில் எத்தனை நமக்குத் தெரியும், அவற்றில் ஒன்று பழுதானால் நாமே சரிசெய்துகொள்ள முடியுமா என்பதுதான் என் அளவுகோல். இந்த அளவுகோலின்படி, ஐம்பது வரி அமைப்புக் கோப்பை வரிவரியாக அறிந்து வைத்திருப்பவரின் விம், முன்பின் தெரியாத முப்பது நீட்சிகள் ஏறிய விஎஸ் கோடைவிட எளியது.

இப்போதுதான் நிரல் கற்கத் தொடங்குகிறேன். எதை எடுத்துக்கொள்வது?

உங்களுக்குக் கற்றுத்தருபவரோ அருகில் அமர்ந்து கற்பவரோ எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தடுமாறும்போது பக்கத்திலிருந்து ஒருவர் கை நீட்டி உதவ முடிவது, எந்த எடிட்டரின் எந்த வசதியையும்விடப் பெரிய உதவி. அப்படி யாரும் இல்லையென்றால் விஎஸ் கோடை நிறுவி, நீங்கள் கற்கும் மொழிக்கான நீட்சி ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டு, முதல் மூன்று மாதங்களுக்கு வேறு எதையும் தொடாமல் இருங்கள்.

பைத்தானில் ஒரு சுழல் ஏன் முடிவில்லாமல் ஓடுகிறது என்று தெரியாமல் திணறும் ஒருவர், அதே நேரத்தில் விம்மின் நிலைகளையும் (எழுதும் நிலை, கட்டளை நிலை என நிலைக்கேற்ப விசைகளின் பொருள் மாறும்) கற்க முயன்றால், பிழை நிரலில் இருக்கிறதா எடிட்டரில் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கி இரண்டையும் விட்டுவிட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் திறமை குறைந்தவர் அல்லர்.

எளிய எடிட்டரைக் கொண்டு பெரிய வேலைகளைச் செய்ய முடியுமா?

செய்திருக்கிறார்கள், இன்றும் செய்கிறார்கள். ஆக்மியில் நிரலுக்கு வண்ணம் காட்டும் வசதி கிடையாது. அமைப்புக் கோப்பும் கிடையாது. இருந்தும் ராப் பைக், ரஸ் காக்ஸ் போன்றவர்கள் ஆக்மியில்தான் நிரல் எழுதி வந்தார்கள். கோ மொழியின் வளர்ச்சியில் இந்த இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல்லாண்டுகளாகப் பயன்படுத்துவது மைக்ரோ ஈமாக்ஸ் என்ற சிறிய எடிட்டரின் ஒரு வடிவத்தை.

இந்தப் பெயர்களைச் சொல்லி 'ஆகவே உங்களுக்கும் அதுவே போதும்' என்று முடிப்பவர்கள் உண்டு. அது அவசர முடிவு. இவர்களுக்கு எளிய எடிட்டர் போதுமானதாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவதாக, எடிட்டர் செய்யாததை எடிட்டருக்கு வெளியே உள்ள கருவிகள் செய்கின்றன. தேடுவதற்கு கிரெப், தொகுப்பதற்கு மேக், மாற்றங்களைப் பார்ப்பதற்கு கிட் என்று யூனிக்ஸ் முழுவதுமே இவர்களின் பணிச்சூழலாக இருக்கிறது. ஆக்மி இந்த எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது: திரையில் எங்கேனும் ஒரு கட்டளையை எழுதி அதன்மேல் சுட்டியின் நடுப்பொத்தானை அழுத்தினால் அந்தக் கட்டளை ஓடும். இரண்டாவதாக, அவர்கள் திருத்தும் நிரலை அவர்களே எழுதினார்கள், அல்லது பல்லாண்டுகளாகப் படித்து வருகிறார்கள். எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது அவர்கள் மனத்தில் இருக்கும். அதை எடிட்டர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

ஒரு பெரிய நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்து, வேறு யாரோ எழுதிய, ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட ஜாவா திட்டத்தில் ஒரு வகுப்பின் பெயரை எல்லா இடங்களிலும் மாற்ற வேண்டியிருப்பவரின் நிலை முற்றிலும் வேறானது. அங்கே நானோவுடன் உட்கார்ந்திருப்பது வீண் துன்பம். அந்த வேலைக்கு ஜாவாவின் இலக்கணத்தை அறிந்த கருவி வேண்டும். இன்டெல்லிஜே போன்ற முழுமையான சூழலைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எடிட்டரை அமைத்துக்கொண்டால் வேலை வேகமாகுமா?

தட்டச்சு செய்யும் வேகத்தைக் கருதினால் வேறுபாடு மிகச் சிறியது. நிரலாளரின் நேரத்தில் பெரும்பகுதி படிப்பதற்கும் யோசிப்பதற்குமே செல்கிறது. ஆனால் யோசனையின் நடுவே கை தடுமாறி, எழுத வந்தது மறந்துபோகும் இடங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்த இடங்களைச் சரிசெய்துகொள்வதற்கு எடுக்கும் நேரம் வீணாகாது.

வி, விம் ஆகியவற்றின் இயல்பான விசைகள் ஏன் இவ்வளவு வழக்கத்துக்கு மாறாக இருக்கின்றன? அவற்றை மாற்றிவிடுவதுதானே சரி?

சிலவற்றை மாற்றலாம், சிலவற்றை மாற்றக்கூடாது. எதை மாற்றலாம் என்பதற்கு அந்த விசைகளின் பிறப்பே விடை சொல்கிறது.

பெர்க்கிலியில் மாணவராக இருந்த பில் ஜாய், 1976-ஐ ஒட்டிய ஆண்டுகளில், விம்முக்கு முன்னோடியான வி எடிட்டரை ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் (பெரிய கணினியுடன் இணைக்கப்படும் திரையும் விசைப்பலகையும்) எழுதினார். அந்த டெர்மினலின் விசைப்பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய எழுத்து விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்றைய விசைப்பலகையில் டேப் விசை இருக்கும் இடத்தில் எஸ்கேப் விசை இருந்தது. அவர் வீட்டிலிருந்து பயன்படுத்திய மோடத்தின் வேகம் 300 பாட். திரை முழுவதையும் ஒருமுறை வரைவதற்கே நெடுநேரம் பிடிக்கும். ஓரெழுத்துக் கட்டளைகளும், நிலை மாறி நிலை வேலை செய்யும் முறையும் அந்தச் சூழலில் பிறந்த சிக்கனங்கள்.

எச், ஜே, கே, எல் விசைகள் இன்றும் விரல்கள் இயல்பாகத் தங்கும் வரிசையில்தான் இருக்கின்றன. அவற்றை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. எஸ்கேப் விசையோ விசைப்பலகையின் மூலைக்குப் போய்விட்டது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை அழுத்த வேண்டிய விசைக்காகக் கையைத் தூக்கி மூலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பில் ஜாய் ஒருபோதும் திட்டமிடவில்லை. ஆகவே கேப்ஸ்லாக் விசையை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்வது, என் கருத்தில், விம் பயன்படுத்துவோர் செய்துகொள்ளக்கூடிய மாற்றங்களிலேயே மிகவும் நியாயமானது. அதை எடிட்டருக்குள் செய்யாமல் இயங்குதளத்தின் விசைப்பலகை அமைப்பில் செய்துவிடுங்கள். அப்போது உங்கள் அமைப்புக் கோப்பு இல்லாத தொலைவிடச் சர்வருக்குள் நுழைந்தாலும் அந்த மாற்றம் கூடவே வரும்.

நன்கு அறியப்பட்ட கட்டளைகளின் பொருளையே மாற்றிவிடும் மாற்றங்களை நான் தவிர்க்கிறேன். உங்கள் இயந்திரத்தில் ஒரு விசை கோப்பைச் சேமிக்கிறது, மற்ற எல்லா இயந்திரங்களிலும் அதே விசை ஒரு வரியை அழிக்கிறது என்ற நிலை வந்தால், அதற்கான விலையை ஒரு நாள் நள்ளிரவில், நெருக்கடியான சர்வர் ஒன்றில்தான் கொடுக்க நேரும்.

லாங்குவேஜ் சர்வர் வந்த பிறகு இந்தத் தேர்வு மாறிவிட்டதா?

மிகவும் மாறிவிட்டது. பழைய அறிவுரைகள் பல இன்று பொருந்தாமல் போனதற்கு இதுவே முதன்மையான காரணம்.

முன்பெல்லாம் ஒவ்வோர் எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பத்து எடிட்டர்கள், இருபது மொழிகள் என்றால் இருநூறு நீட்சிகளை யாராவது எழுதிப் பராமரிக்க வேண்டும். அவற்றில் பல அரைகுறையாக நின்றன. அந்தக் குறையை ஈடுகட்டவே நிரலாளர்கள் நீளநீளமான அமைப்புக் கோப்புகளை எழுதினார்கள். 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால், மொழி பற்றிய அறிவை எடிட்டரிலிருந்து பிரித்தெடுத்துத் தனி நிரலாக்கியது. ரஸ்ட் மொழிக்கு ரஸ்ட்-அனலைசர், கோ மொழிக்கு கோபிள்ஸ், சி, சி++ மொழிகளுக்கு கிளாங்டி என ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சர்வரை எழுதிவிட்டால், எந்த எடிட்டரும் அதனுடன் பேசிக்கொள்ளலாம்.

இந்த வசதி படிப்படியாக எடிட்டர்களுக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் 2021-இல் வெளியிட்ட 0.5 பதிப்பில் இதை உள்ளடக்கியது. ஈமாக்ஸ் 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பில் எக்லாட் என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது. 2021 முதல் வெளிவரும் ஹீலிக்ஸ், லாங்குவேஜ் சர்வர் வசதியைத் தொடக்கத்திலிருந்தே உள்ளடக்கி, நிறுவிய சில நிமிடங்களில் ஒரு நவீன எடிட்டரிடம் எதிர்பார்க்கும் பெரும்பாலான வேலைகளைச் செய்கிறது. அமைப்புக் கோப்பில் நாட்களைச் செலவிட விரும்பாத, ஆனால் டெர்மினலிலேயே, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துச் சாளரத்திலேயே, இருக்க விரும்பும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். விம்மின் இலக்கணத்தில் செயல் முதலிலும் எதன்மேல் செய்வது என்பது பின்னும் வரும். ஹீலிக்ஸில் தேர்வு முதலில், செயல் பின்னால். விம்மில் பழகிய கைக்கு இது சில வாரங்கள் சங்கடமாகவே இருக்கும்.

நினைவகம் குறைந்த கணினியில் பணியாற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெர்மினல் எடிட்டரைத் தேர்ந்தெடுத்தால் இலகுவாக இருக்கும் என்று எண்ணி அதற்கு மாறுகிறார்கள். ஆனால் பெரிய திட்டமொன்றைத் திறந்ததும் லாங்குவேஜ் சர்வர் எடிட்டரைவிடப் பல மடங்கு நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது. இலகு வேண்டுமென்றால் அந்தச் சர்வர் உண்மையிலேயே தேவையா என்பதையும் சேர்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

டூம் ஈமாக்ஸ், ஸ்பேஸ்மாக்ஸ், லேசிவிம் போன்ற ஆயத்த அமைப்புகளை எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது வேறொருவரின் வீட்டில் குடியேறுவதைப் போன்றது என்பதை அறிந்து எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலேயே எல்லாம் அழகாக இருக்கும். ஒரு நாள் ஏதோ ஒரு விசை வேலை செய்யவில்லை என்றால், அது அந்த எடிட்டரின் இயல்பா, ஆயத்த அமைப்பைச் செய்தவரின் முடிவா, இரண்டு நீட்சிகளின் மோதலா என்று கண்டுபிடிக்க, அவர் எழுதிய அத்தனையையும் படிக்க நேரிடும்.

நியோவிம் கற்க விரும்புவோருக்கு நான் சொல்வது கிக்ஸ்டார்ட் என்ற தொடக்கக் கோப்பை. இது ஆயத்த அமைப்பு அன்று. ஒரே கோப்பு, ஒவ்வொரு பகுதிக்கும் ஏன் அது இருக்கிறது என்ற விளக்கம், படித்துவிட்டு வேண்டாததை அழித்துவிடு என்ற அறிவுரை ஆகியவைதான் அதில் உள்ளன. ஒரு மாலைப்பொழுதில் முழுவதையும் படித்துவிடலாம்.

அமைத்துக்கொள்வது சிலருக்கு ஆடம்பரம் அல்ல, தேவை என்று சொல்கிறார்களே?

ஆம். 'எளிய எடிட்டரே எல்லோருக்கும் போதும்' என்று உறுதியாகப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பார்வையற்ற கணினி அறிவியலாளரான டி. வி. ராமன் 1995-இல் ஈமாக்ஸ்பீக் என்ற தொகுப்பை வெளியிட்டார். திரையில் உள்ள எழுத்துகளை அப்படியே வாசிப்பதோடு நிற்காமல், ஈமாக்ஸ் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிந்து அதற்கேற்பப் பேசும் தொகுப்பு அது. ஈமாக்ஸ் லிஸ்பில், ஏற்கெனவே உள்ள ஒரு கட்டளையின் மூல நிரலைத் தொடாமலேயே அதனுடன் கூடுதல் செயல் ஒன்றைப் பிணைக்க முடியும். ஈமாக்ஸின் கட்டளைகளுக்கெல்லாம் அவர் இவ்வாறே குரல் கொடுத்தார். பயனர் எடிட்டரின் அடிவரை சென்று மாற்றலாம் என்ற அனுமதி இல்லாதிருந்தால் அது நடந்திருக்காது.

மணிக்கட்டு வலியால் கட்டுப்பாட்டு விசையைத் தொடர்ந்து அழுத்த முடியாதவர்கள், குரலால் நிரல் எழுதுபவர்கள், குறிப்பிட்ட நிறவேறுபாடுகள் தெரியாதவர்கள் ஆகியோருக்கும் இதுவே பொருந்தும். அவர்களின் அமைப்புக் கோப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் ஒரு வரியும் மிகையாகாது.

அளவுக்கு மீறி அமைத்துவிட்டேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அமைப்புக் கோப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியைத் தொட்டு, அது எதற்காக இருக்கிறது என்று உங்களையே கேளுங்கள். பத்தில் மூன்றுக்கு விடை தெரியவில்லை என்றால் கோப்பு உங்கள் கையை மீறிவிட்டது. இதை எனக்கு ஒரு காலைப்பொழுது கற்றுக்கொடுத்தது. பணியை ஒப்படைக்க வேண்டிய நாளில், எல்லா நீட்சிகளையும் ஒருசேரப் புதுப்பிக்கும் கட்டளையை வழக்கம்போலக் கொடுத்தேன். நிறம், தேடல், தானாக நிறைவுசெய்தல் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின. ஒரு நீட்சி மற்றொன்றின் பழைய வடிவத்தை நம்பியிருந்தது. அந்த மற்றொன்றை நான் எப்போது, எதற்காகச் சேர்த்தேன் என்பதே நினைவில்லை. நண்பகல் வரை எடிட்டரைச் சரிசெய்துவிட்டு, மீதிப் பாதி நாளில் ஒரு முழுநாள் வேலையைச் செய்தேன்.

அன்றிலிருந்து மூன்று பழக்கங்கள் வந்தன. அமைப்புக் கோப்பைக் கிட்டில் வைத்திருக்கிறேன். நீட்சிகளின் பதிப்பைப் பூட்டிவைக்கும் கோப்பையும் அதனுடன் சேர்த்துவைக்கிறேன். வேலை நடுவே எதையும் புதுப்பிப்பதில்லை. எடிட்டர்களும் இதற்கு உதவுகின்றன. விம்மை 'கிளீன்' என்ற விருப்பத்துடன் தொடங்கினால் உங்கள் அமைப்பு எதுவும் இல்லாமல் திறக்கும். ஈமாக்ஸில் பெரிய எழுத்துக் 'க்யூ' என்ற விருப்பம் அதையே செய்கிறது. பிழை அப்போதும் வந்தால் குற்றம் உங்கள் கோப்பில் இல்லை. விஎஸ் கோடில் நீட்சிகளைப் பாதிப்பாதியாக நிறுத்தி, பழுதானதைக் கண்டுபிடிக்கும் கட்டளையே இருக்கிறது. முப்பது நீட்சிகள் இருந்தாலும் ஐந்தாறு சுற்றுகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

சர்வரில் வேலை செய்யும்போது என் எடிட்டர் அங்கே இருக்காதே?

இருக்காது. ஆகவே யாராக இருந்தாலும் வி எடிட்டரின் அடிப்படைகளைக் கற்றே ஆக வேண்டும் என்பேன். அது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸில் இடம்பெற்ற எடிட்டர் என்பதால், ஏதோ ஒரு வடிவில் ஏறக்குறைய எல்லா யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களிலும் கிடைக்கும். எழுதும் நிலைக்குப் போவது, எஸ்கேப் அழுத்தி வெளியே வருவது, தேடுவது, ஒரு வரியை அழிப்பது, செய்ததைத் திரும்பப் பெறுவது, சேமிப்பது, சேமிக்காமல் வெளியேறுவது ஆகிய ஏழும் தெரிந்தால் போதும். கடைசியாகச் சொன்னதை யாரும் எளிதென்று எண்ண வேண்டாம்; விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் பத்து லட்சம் முறைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று அந்தத் தளமே 2017-இல் எழுதியது.

உங்கள் எடிட்டரையே சர்வருக்கு நீட்டும் வழிகளும் உண்டு. ஈமாக்ஸின் டிராம்ப், தொலைவிடக் கோப்பை உங்கள் கணினியிலிருந்தே திறந்து திருத்த உதவுகிறது. விஎஸ் கோடின் தொலைவிட நீட்சி, சர்வரில் தன் பகுதியொன்றை நிறுவிக்கொள்ளும். நினைவகம் குறைந்த சர்வர்களில் அது சுமையாகலாம், சில நிறுவனங்களில் அனுமதியும் கிடைக்காது. சூடோஎடிட் என்ற கட்டளை பலருக்குத் தெரிவதில்லை. நிர்வாகி உரிமை வேண்டிய கோப்பை அது தற்காலிக நகலாக எடுத்து, உங்கள் எடிட்டரில் உங்கள் உரிமையுடனே திறந்து, முடித்ததும் உரிய இடத்தில் வைத்துவிடும். எடிட்டரையே நிர்வாகியாக ஓட்டுவதைவிட இது பாதுகாப்பானது.

நீட்சிகளால் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டா?

உண்டு. பொதுவாக ஒரு நீட்சி உங்கள் பெயரில், உங்கள் உரிமைகள் அனைத்துடனும் ஓடுகிறது. உங்கள் கோப்புகளையும் கடவுச்சாவிகளையும் அதனால் படிக்க முடியும். நிறத்தை மாற்றுவதற்கென்று யார் எழுதியது என்றே தெரியாத நீட்சியைச் சேர்ப்பதற்கு முன்பு இதை நினைத்துப் பாருங்கள்.

எளிய நிலையில் வைத்திருப்பதே முழுப் பாதுகாப்பும் ஆகிவிடாது. கோப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ எடிட்டருக்கான குறிப்புகளை எழுதிவைக்கும் மோட்லைன் என்ற வசதி விம்மில் நெடுங்காலமாக உள்ளது. அதன் வழியாக, ஒரு கோப்பைத் திறந்தாலே கட்டளைகள் ஓடிவிடக்கூடிய ஓட்டை ஒன்று 2019-இல் வெளியானது. நியோவிம்மும் அதற்குத் தப்பவில்லை. எதையும் சேர்க்காதவர்களும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக்கூடாது.

தமிழ் எழுத்துகளும் கலந்த கோப்புகளைத் திருத்துகிறேன். எது ஏற்றது?

இணையதளங்களின் தமிழாக்கக் கோப்புகள், தமிழ்ச் சொற்பட்டியல்கள், தமிழ்த் தரவுகள் ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். ஏனெனில் இங்கே 'வந்தபடியே' என்பது பல சமயங்களில் போதாது.

டெர்மினல், திரையை ஒரே அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை வைக்கிறது. 'கெ' என்பதில் ஒற்றைக் கொம்பு சேமிப்பில் ககரத்துக்குப் பின்னால் இருந்தாலும் திரையில் முன்னால் வர வேண்டும். 'ணை', 'ழௌ' போன்றவை ஒரு கட்டத்துக்குள் அடங்குவதில்லை. இதைக் கவனிக்காத டெர்மினல்களில் எழுத்துகள் சிதறும், கர்சர் ஓரிடத்தில் இருப்பதாகக் காட்டிவிட்டு வேறோர் இடத்தில் திருத்தும். எடிட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டெர்மினலின் குறையை அதனால் போக்க முடியாது. விஎஸ் கோட் போலத் தனிச் சாளரத்தில் ஓடும் எடிட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை. ஈமாக்ஸின் சாளர வடிவம் 27-ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறது. தமிழ் அதில் செம்மையாகவே தெரியும்.

உள்ளீட்டில் இன்னொரு தடை உண்டு. விம் போன்ற நிலைமாறும் எடிட்டர்களில், இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகையை இயக்கிவைத்துவிட்டு எஸ்கேப் அழுத்தினால், அதன்பின் வரும் ஒவ்வொரு கட்டளையும் தமிழ் எழுத்தாகப் போய்ச் சேரும். விம்முக்கு எதுவும் புரியாது. இதற்கு விம்மிலேயே கீமேப் என்ற வசதி இருக்கிறது. எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதை ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதிவைத்தால், எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும்; கட்டளை நிலைக்குத் திரும்பியதும் ஆங்கில விசைகள் தாமாகவே திரும்பிவிடும். ஈமாக்ஸும் தமிழுக்கான உள்ளீட்டு முறைகளை உடன் கொண்டே வருகிறது. எதையும் மாற்றாதவனாக இருந்த காலத்திலும் இந்த ஒரு மாற்றத்தை நான் விட்டுக்கொடுத்ததில்லை.

தேடும்போது ஒரு சொல் கண்ணெதிரே இருந்தும் அகப்படவில்லையென்றால், எடிட்டரை மாற்றுவதற்கு முன்பு எழுத்தின் உட்கட்டைப் பாருங்கள். யூனிகோடில் 'கொ' என்பதை ககரத்துடன் ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், ககரத்துடன் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பைட்டுகளை ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு. கோப்பு முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு நிரலைச் சேமிப்பதற்கு முன் ஓடவைப்பதே இதற்குத் தீர்வு.

குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எடிட்டர் பயன்படுத்தினால் சிக்கல் வராதா?

வராமல் பார்த்துக்கொள்ளலாம். வெற்றிடம், டேப், வரிமுடிவு ஆகியவற்றை பல எடிட்டர்களும் படிக்கக்கூடிய எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றில் எழுதித் திட்டத்துடன் வையுங்கள். நிரலின் வடிவத்தை கோஃப்எம்டி, பிளாக், பிரிட்டியர் போன்ற கருவிகளிடம் விட்டுவிடுங்கள். எந்த எடிட்டரில் எழுதினாலும் ஒரே வடிவில் வந்து சேரும்.

இவ்வளவு உழைத்து அமைத்த எடிட்டர் ஒரு நாள் நின்றுபோனால்?

நடந்திருக்கிறது. கிட்ஹப் 2014-இல் வெளியிட்ட ஆட்டம் எடிட்டர், பயனர் எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதையே தன் பெருமையாகச் சொன்னது. அதற்காக உருவான அடித்தளமே பின்னர் எலெக்ட்ரான் என்ற பெயரில் விஎஸ் கோடுக்கும் அடித்தளமாயிற்று. 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டம் நிறுத்தப்பட்டது; அதற்கென்று எழுதப்பட்ட நீட்சிகளும் அமைப்புகளும் அதனுடன் நின்றன. விம்மை 1991-இல் வெளியிட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்த்த பிராம் மூலநார் 2023 ஆகஸ்டில் மறைந்தார். ஆனால் உடன் பணியாற்றியவர்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டதால் விம் இன்றும் தொடர்ந்து வெளிவருகிறது.

ஓர் எடிட்டருக்குள் மட்டுமே செல்லுபடியாகும் உழைப்பைக் குறைவாகவும், வெளியே கொண்டுபோகக்கூடிய உழைப்பை அதிகமாகவும் வைத்துக்கொள்வது நல்லது. வி விசைகளைக் கற்ற கை, ஈமாக்ஸிலும் விஎஸ் கோடிலும் இன்டெல்லிஜேயிலும் அதற்கான நீட்சிகளின் வழியே அப்படியே செல்லும். ஒழுங்குக் கோவைகள் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்), கட்டளைவரிக் கருவிகள், கிட் ஆகியவற்றில் பெற்ற தேர்ச்சியும் அவ்வாறே.

நான் இப்போது எங்கே தொடங்குவது?

ஏற்கெனவே பெரிய அமைப்பு வைத்திருப்பவர் அந்தக் கோப்புக்கு வேறு பெயர் சூட்டி ஒதுக்கிவிட்டு, எதுவுமில்லாத எடிட்டரில் இரண்டு வாரம் வேலை செய்யட்டும். பக்கத்தில் ஒரு காகிதம் இருக்கட்டும். கை தடுமாறும் ஒவ்வொரு முறையும் எதற்காகத் தடுமாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். உடனே சரிசெய்துவிடத் தோன்றும், செய்யாதீர்கள். இரண்டு வாரம் முடிந்ததும் மூன்று முறைக்கு மேல் எழுதப்பட்டவற்றை மட்டும் பழைய கோப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் மேலே காரணத்தை ஒரு வரியில் எழுதிவையுங்கள். இதுவரை எதையும் மாற்றாதவருக்கும் இதே காகிதம் போதும். அவர் எழுதியவற்றுக்கான விடையை முதலில் எடிட்டரின் கையேட்டிலும், அங்கே இல்லையென்றால் மட்டும் நீட்சிகளிலும் தேடலாம்.

என் காகிதத்தில் அந்த இரண்டு வாரங்களில் இருபத்து மூன்று வரிகள் சேர்ந்தன. மூன்று முறைக்கு மேல் வந்தவை ஆறு. அவற்றில் நான்கு விம்மிலேயே ஏற்கெனவே இருந்தன, எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.